சட்டைக்காரர் ஆடரங்கு

ஆடல் என்றவுடன் தமிழ் பயின்றோர் நினைவில் முதலில் எழுவது அரங்கேற்று காதை. ஐந்தாம் அகவையில் தொடங்கி ஏழாண்டு பயின்ற மாதவி, பன்னிரண்டாம் அகவையில் அரங்கேறுகிறாள். அவ்வரங்கின் அளவைக்கூட இளங்கோவடிகள் விட்டுவிடவில்லை: அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், உயரம் ஒரு கோல். ஆடி முடித்தவளுக்குத் தலைக்கோல் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும் கிடைக்கின்றன. ஆடலுக்கு அளவும் விதியும் பரிசும் உண்டென்பது நமக்குப் புதிய செய்தியன்று. ஆயினும், சென்ற நூற்றாண்டில் நம் இரயில் நிலையங்களின் அருகிலேயே இம்மூன்றும் பொருந்திய ஓர் ஆடல் மரபு செழித்து ஒடுங்கியதைத் தமிழில் எழுதப்படும் ஆடல் வரலாறுகள் பெரும்பாலும் பொருட்படுத்தியதில்லை. அம்மரபுக்குரியோர் ஆங்கிலோ இந்தியர். ஊர் வழக்கில் 'சட்டைக்காரர்'.

ஜவ்வாது மலையை நடுவில் வைத்துப் பார்ப்போம். கிழக்கே கண்ணமங்கலம், காட்பாடி – விழுப்புரம் இருப்புப்பாதையில் ஒரு சிறு நிலையம். அதைச் சூழ்ந்த சிற்றூர்களில் திரௌபதியம்மன் திருவிழா வந்தால் விடிய விடியக் கூத்து. மலைக்கு மேற்கே ஜோலார்பேட்டை; சென்னை, பெங்களூரு, சேலம் ஆகிய மூன்று வழிகளும் கூடும் சந்திப்பு. நீராவி எஞ்சின்கள் ஓடிய காலத்தில் ஓட்டுநர், கார்டு, பணிமனைப் பொறுப்பாளர் என ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் அங்கே நிறைந்திருந்தன. அரக்கோணம், பெரம்பூர், விழுப்புரம், பொன்மலை, போத்தனூர் ஆகியவையும் அவ்வாறே. ஒரே மலையின் ஒருபுறம் மண்தரையில் கட்டியக்காரன் ஆடிய அந்நாள்களில், மறுபுறம் பளபளக்கும் தரையில் இணைகள் சுழன்றுகொண்டிருந்தன.

இவர்கள் இரயிலுக்கு வந்த வரலாறு துயரமானது. தந்தைவழி ஐரோப்பியக் குருதி இருந்தும், 1791-இல் கிழக்கிந்தியக் கம்பெனி இவர்களுக்குத் தன் உயர் பணிகளின் கதவை அடைத்தது. பின்னர்த் தந்தியும் இருப்புப்பாதையும் வந்தபோது, நம்பிக்கைக்குரிய வேலையாள்கள் தேவைப்பட்டதால் அதே வெள்ளையர் இவர்களை அழைத்துக்கொண்டனர். 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா நோக்கித் தென்னகத்தின் முதல் இரயில் புறப்பட்டது. அதன்பின் நூறாண்டுக் காலம் இச்சமூகத்தின் வாழ்வு தண்டவாளத்தை ஒட்டியே நடந்தது. குடியிருப்புத் தோறும் 'இன்ஸ்டிடியூட்' என்னும் மன்றம் எழுந்தது. அதன் உயிர்நாடி ஆடரங்கு.

கிறிஸ்துமஸ், புத்தாண்டு, ஈஸ்டர் ஆகிய நாள்களில் ஆட்டம் கட்டாயம். மே மாதத்தில் 'மே அரசி' தேர்வு வேறு. காலணி வழுக்கிச் செல்வதற்காகத் தரையில் தூள் தூவுவர். வால்ட்ஸ் மூன்றெண்ணிக்கை, நம் திச்ரத்தின் 'தகிட'. ஃபாக்ஸ்ட்ராட் நான்கெண்ணிக்கை, சதுச்ரத்தின் 'தகதிமி'. இணைகள் அனைத்தும் அரங்கை இடஞ்சுழியாகவே சுற்றும். (கோயிலை வலம்வந்து பழகிய நமக்கு இது சற்று விந்தையாகத் தோன்றும்.) போட்டியில் ஒவ்வோர் இணைக்கும் ஓர் எண். நடுவர் ஆடுவோரிடையே நடந்து வந்து தோளைத் தொட்டால் அவ்விணை விலக வேண்டும், எஞ்சுவோர் வென்றோர். 'ஸ்பாட் டான்ஸ்' என்பது இன்னொரு வகை: இசை நின்ற கணத்தில், முன்னரே மறைவாகக் குறித்துவைத்த இடத்துக்கு அருகில் நிற்கும் இணைக்குப் பரிசு. அதில் திறமைக்கு வேலையில்லை. கால் வராதவரும் வெறுங்கையோடு திரும்பாதிருக்க யாரோ ஒரு நல்ல மனத்தவர் கண்ட ஏற்பாடு போலும்!

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படையினர் இந்தியாவுக்கு வந்தனர். அக்காலந்தொட்டுத் துள்ளாட்டமான ஜைவ் இங்கே வேரூன்றியது. அமெரிக்க நாட்டுப்புற இசையான 'கன்ட்ரி அண்ட் வெஸ்டர்ன்' ஆட்டக்காரர் ஆடும் 'ஸ்விங்' வகைகளும் ஜைவும் ஒரே தாய்வயிற்றுப் பிள்ளைகள். அவ்விசையோ ஆங்கிலோ இந்தியருக்குக் கிட்டத்தட்ட வீட்டு மொழியாயிற்று. 1964-இல் வானூர்தி விபத்தில் மறைந்த ஜிம் ரீவ்ஸின் குரலுக்கு அவர் பிறந்த டெக்சாஸில் இருந்த மதிப்பு பெரம்பூர் வீடுகளிலும் இருந்தது. இலங்கை வானொலியின் ஆங்கில ஒலிபரப்புக்கு இதில் பெரும்பங்கு உண்டு. பாட்டி பேஜ் 1950-இல் பாடிப் புகழ்பெற்ற 'டென்னசி வால்ட்ஸ்', ஆடரங்கிலேயே காதலனைத் தோழியிடம் இழந்தவளின் பாட்டு. 'ரிலீஸ் மீ' என்னும் கன்ட்ரி பாடலை 1967-இல் பிரிட்டனின் முதலிடத்துக்குக் கொண்டுசென்ற எங்கல்பர்ட் ஹம்பர்டிங்க், 1936-இல் சென்னையில் பிறந்தவர். அப்போது அப்பாடல் பீட்டில்ஸையே இரண்டாமிடத்தில் நிறுத்தியது.

அமெரிக்காவில் இவ்வாடல் இன்று முறையான போட்டித்துறை. இணையாடலில் டூ-ஸ்டெப், வால்ட்ஸ், போல்கா, சா-சா முதலாக எட்டு வகைகளில் தொப்பியும் பூட்ஸும் அணிந்து மோதுகின்றனர். மாதவி ஆடியவை பதினொன்று என்பதை இங்கே நினைத்துக்கொள்வதில் நமக்கொரு சிறு பெருமிதம்.

ஆனால் இவ்வரங்கை நாம் ஒரேயடியாகப் புகழவும் இயலாது. பல ஊர்களில் ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் ஒரு மன்றம், ஏனை இந்தியருக்கு வேறொன்று. எஞ்சினில் அருகில் நின்று கரி அள்ளிப்போட்ட தமிழ்த் தொழிலாளி, இரவில் இசையைச் சாளரத்துக்கு வெளியே நின்றுதான் கேட்டிருப்பான். அவ்விலக்கலுக்கு நம்மவர் தந்த மறுமொழிதான் 'சட்டைக்காரர்' என்ற சொல்லில் ஒலிக்கும் ஏளனம். திரைப்படங்களிலும் கவுன் அணிந்த பெண் என்றால் ஒழுக்கம் தளர்ந்தவள் என்றே காட்டினர். அரங்கில் ஆடும் பெண்ணை ஐயுறுவதில் நமக்குப் பழக்கம் உண்டு. சதிராடிய மகளிருக்கு நேர்ந்ததை இங்கே விரிக்க வேண்டியதில்லை. ஆனால் சதிருக்குப் பரதநாட்டியம் என்ற புதுப்பெயரும் சபாக்களும் கிடைத்தன. இரயில் ஆடரங்குக்கு அப்படி எவரும் வரவில்லை.

அது ஒடுங்கியதற்கு 'அயல்நாட்டு மரபு, நிலைக்கவில்லை' என்று எளிதாகக் காரணம் கூறுவர். நாம் அதை ஏற்பதற்கில்லை. கூத்தைத் தாங்கியது ஊர்வரி. சதிரைத் தாங்கியது கோயில் மானியமும் அரண்மனையும். இவ்வாடலைத் தாங்கியது மாதச் சம்பளம். அரசியலமைப்பின் 336-ஆம் பிரிவு இரயில், சுங்கம், தபால், தந்தித் துறைகளில் இவர்களுக்கிருந்த ஒதுக்கீட்டை ஈராண்டுக்கொரு முறை பத்தில் ஒரு பங்கு குறைத்துப் பத்தாண்டில் முடித்துவைத்தது. 1960-க்குப் பின் அது இல்லை. பிள்ளைகளுக்கு வேலை உறுதியில்லை என்றானதும் குடும்பங்கள் பிரிட்டனுக்கும், பின்னர் ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் கப்பலேறின. இணையாட்டத்துக்கு இருவர் வேண்டும். வாத்தியக் குழுவுக்கு ஐவராவது வேண்டும். போட்டிக்கோ இருபது இணையாவது வேண்டும். ஒரு குடியிருப்பில் பாதி வீடுகள் பூட்டப்பட்டபின் எஞ்சியோர் எப்படி ஆடுவர்? 2020 ஜனவரியில் நாடாளுமன்ற, சட்டமன்ற நியமன இடங்களும் நீங்கின.

1960-இல் இருபது வயதில் ஆடியவர் இன்று எண்பத்தைந்தைக் கடந்திருப்பார். அவர்களிற் சிலர் பெரம்பூரிலும் பரங்கிமலையிலும் இன்னும் இருக்கின்றனர். கூத்து வாத்தியார்களைத் தேடிச் சென்று ஒலிப்பதிவு செய்யும் நம் நாட்டார் வழக்காற்றியல் மாணவர்கள் இவர்கள் வீட்டுக் கதவையும் தட்டலாம். எந்த ஊரில் எந்த வாத்தியக் குழு வாசித்தது, தோளைத் தொட்ட நடுவர் யார், வென்றோருக்கு என்ன பரிசு, தரை மரமா சிமெண்டா, அதன் நீள அகலம் என்ன என்று கேட்டு எழுதிக்கொள்ள அதிக நாள் இல்லை.