ஒரே 'சி' புரோகிராம்.. ஒன்றில் 37,500, இன்னொன்றில் மைனஸ் 28,036! ஏன் இப்படி?

விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் உப்பளங்களில் இருந்து 150 லாரிகள் கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். லாரிக்கு 250 மூட்டை உப்பு. மொத்தம் எத்தனை மூட்டை? கையால் பெருக்கினால் 37,500.

இதையே 'சி' மொழியில் 'இன்ட்' வகை எண்களாக வைத்துப் பெருக்கச் சொன்னால், ஜிசிசி கம்பைலர் 37,500 என்று காட்டும். பழைய டர்போ சி கம்பைலரோ மைனஸ் 28,036 என்று காட்டும்! புரோகிராமில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. அப்புறம் விடை எப்படி மாறுது?

கம்பைலர் என்றால் என்ன?

நாம் எழுதும் புரோகிராமை, கம்ப்யூட்டருக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றித் தரும் மென்பொருள்தான் கம்பைலர். சி மொழிக்குப் பல கம்பைலர்கள் உண்டு. போர்லாண்ட் நிறுவனத்தின் டர்போ சி, ரிச்சர்ட் ஸ்டால்மேன் தொடங்கிய ஜிசிசி, இரண்டுமே 1987-ல் வெளிவந்தவை.

எங்கே இடிக்குது?

டர்போ சி, டாஸ் காலத்து 16 பிட் கம்பைலர். அதில் 'இன்ட்' எண்ணுக்கு 2 பைட் இடம்தான். அதிகபட்சம் 32,767 வரைதான் தாங்கும். 37,500 அதைத் தாண்டுவதால், 65,536 கழிந்து மைனஸில் போய் நிற்கிறது. இன்றைய கம்ப்யூட்டர்களில் ஜிசிசி 4 பைட் ஒதுக்குகிறது. சுமார் 214 கோடி வரை பிரச்னை இல்லை.

அப்போ டர்போ சி தப்பா?

இல்லை. 1989-ல் வந்த சி மொழியின் ஆன்சி தரநிலைப்படி, 'இன்ட்' குறைந்தது 16 பிட் இருந்தால் போதும். வரம்பைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதை அந்த விதி சொல்லவே இல்லை. ஒரே கணக்கில் ஒரே மாறிக்கு இரண்டு முறை '++' போடுவதும் இப்படித்தான். 'இதன் அவுட்புட் என்ன?' என்று கேட்டால், 'உறுதியான விடை கிடையாது' என்பதே சரியான பதில்.

மாணவர்கள் கவனிக்க..

நம் ஊர் கல்லூரி லேப்கள் பலவற்றில் நீண்ட காலம் டர்போ சி-தான் ஓடியது. ஆன்லைன் கோடிங் தேர்வுகளில் பெரும்பாலும் ஜிசிசி. 'கோனியோ' ஹெடர் ஃபைலை நம்பி எழுதிய புரோகிராம், லேபில் ஓடியிருந்தாலும் அங்கே கம்பைல்கூட ஆகாமல் போகலாம். உடனே 'எனக்கு கோடிங் வராது' என்று துவண்டுவிட வேண்டாம்.

* தேர்வில் எந்த கம்பைலர் என்று முதலில் பாருங்க.
* பெரிய எண்களுக்கு 'லாங்' வகையைப் பயன்படுத்துங்க.
* கம்பைலர் காட்டும் எச்சரிக்கைகளை அலட்சியம் செய்யாதீங்க.
* முடிந்தால் இரண்டு கம்பைலர்களில் ஓட்டிப் பாருங்க. விடை மாறினால், மொழியின் விதி உறுதி தராத ஏதோ ஒன்றை புரோகிராம் நம்பியிருக்கலாம். திருத்த வேண்டியது அந்த வரியைத்தான்.