செந்துறையைத் தாண்டிப் போன வண்டி

மனிதர்களுக்குப் பிறந்தநாள் உண்டு. சுவாமிக்குத் திருநட்சத்திரம் உண்டு. ரயில் வண்டிக்கும் பிறந்தநாள் கொண்டாடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்றால் வாசகர்களில் சிலர் நம்பமாட்டார்கள். மதுரைக்கும் சென்னைக்கும் இடையே வைகை எக்ஸ்பிரஸ் ஓடத் தொடங்கியது 1977 ஆகஸ்டு 15-இல். அந்தத் தேதியில் மதுரை நிலையத்தில் ரயில் அன்பர்கள் கூடிக் கேக் வெட்டுவதுண்டு. என் அண்ணன் மகனும் அந்தப் பக்தர் கோஷ்டியைச் சேர்ந்தவன்.

"சித்தப்பா, நம்ம கார்டு லைனுக்கு நூறு வயசு ஆகப் போகுது. மலர் போடலாம்னு இருக்கோம். நீங்க ஒரு கட்டுரை எழுதிக் கொடுங்க" என்றான்.

"எழுதுகிறேன். ஆனால் நவம்பர் 23-ஐயும் எழுதுவேன்" என்றேன்.

அவன் முகம் சுருங்கிவிட்டது. "விழா மலர்ல துக்கம் எதுக்கு சித்தப்பா?"

அவனுக்கு நான் சொல்லும் பதில்தான் இது.

திருச்சிக்கு ரயில் முதலில் சென்னையிலிருந்து வரவில்லை, கடலோரத்திலிருந்து வந்தது. நாகப்பட்டினத்தில் புறப்பட்ட பாதை 1861-இல் தஞ்சாவூரையும், மறு வருஷம் திருச்சியையும் எட்டியது. பிற்பாடு சென்னையிலிருந்து வந்த பாதையும் விழுப்புரம், கடலூர், மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர் என்று காவிரி நாட்டைப் பிரதட்சிணம் செய்துகொண்டுதான் திருச்சிக்கு வந்து சேர்ந்தது. இன்றும் அதற்கு மெயின் லைன் என்றுதான் பெயர். செம்மண்ணும் முந்திரிக் காடுமான எங்கள் சீமையை அந்தக் காலத்தில் ரயில் திரும்பிப் பார்க்கவில்லை.

1920-களின் கடைசியில் விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம், செந்துறை, அரியலூர், லால்குடி வழியாகத் திருச்சிக்குக் குறுக்கே ஒரு மீட்டர் கேஜ் பாதை போட்டார்கள். தூரம் சுமார் 60 கிலோமீட்டர் குறைந்தது. அதுதான் கார்டு லைன். நாகப்பட்டினத்திலிருந்த ரயில்வே பட்டறை பொன்மலைக்குக் குடிபெயர்ந்ததும் ஏறக்குறைய அதே சமயத்தில்தான். தென்பாண்டிச் சீமைக்குப் போகும் வண்டிகளெல்லாம் எங்கள் ஊர் வழியே போகத் தொடங்கின. பெரும்பாலானவை நிற்பதில்லை. ஆனால் சத்தம் போட்டுக்கொண்டு போயின. அதுவே எங்களுக்குப் பெருமையாக இருந்தது.

என் அப்பாயி வீட்டில் கடிகாரம் கிடையாது. எந்த வண்டி போனால் உலை வைக்க வேண்டும், எந்த வண்டிக்குக் கன்றை அவிழ்க்க வேண்டும் என்பது அவளுக்குக் கணக்கு.

1956-ஆம் வருஷத்துக்கு வருகிறேன். தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குப் போனது 1856 ஜூலை 1-இல். ஆகவே 1956 ஜூலையில் தெற்கத்தி ரயிலுக்குச் சரியாக நூறு வயது நிறைந்தது. அதற்குப் பிறகு ஐந்து மாதம்கூட ஆகவில்லை, நவம்பர் 23 விடியற்காலை, சென்னையிலிருந்து சென்ற தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் எங்கள் செந்துறையைத் தாண்டிப் போயிற்று, அரியலூரையும் தாண்டிற்று. கல்லகம் போய்ச் சேரவில்லை.

இடையில் மருதையாறு. பச்சைமலையில் பிறந்து கொள்ளிடத்தில் கலப்பது. வருஷத்தில் பல மாதம் ஆடு மேய்க்கலாம்; அன்றைக்கு மழையில் பெருகி, பாலத்தை ஒட்டிய மண்கரையைக் கரைத்துக்கொண்டு போய்விட்டது. எஞ்சினும் பெட்டிகளும் வெள்ளத்தில் விழுந்தன. இறந்தவர்கள் 140 பேருக்கு மேல்.

அதே வருஷம் செப்டம்பரில் மகபூப்நகர் விபத்தில் 112 பேர் இறந்தபோதே ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமாச் செய்ய முன்வந்தார்; நேரு ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு ஏற்றார். சாஸ்திரி குற்றவாளி என்பதற்காக அல்ல, பொறுப்பு என்பதற்கு ஒரு முன்மாதிரி வேண்டும் என்பதற்காக. அந்த ராஜினாமாவைத் தேசம் இன்றும் மேடைதோறும் பேசுகிறது. செத்தவர்களில் ஒருவர் பெயராவது நமக்குத் தெரியுமா?

அப்பாயி அன்று விழித்திருந்தாளாம். சாகும்வரை ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள்: "நம்ம ஊரத் தாண்டிப் போன வண்டிடா. நான் காதால கேட்டேன். யாராச்சும் கையக் காட்டி நிறுத்தியிருக்கக் கூடாதா?"

படிக்காத கிழவியின் புலம்பல் என்று தள்ளிவிட வேண்டாம். கைகாட்டி மரத்துக்கு, முன்னே வண்டி நிற்கிறதா என்று தெரியும். கீழே மண் இருக்கிறதா என்று தெரியாது. கரை கரைந்த பிறகும் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கிக்கொண்டு முழுசாகவே தோன்றலாம். அதைக் கண்டுபிடிக்க ஒரு மனிதன் நடந்து வரவேண்டும். மழைக்கால இரவுகளில் விளக்கும் கொடியும், எஞ்சின் ஏறினால் வெடிக்கும் எச்சரிக்கை வெடியும் சுமந்துகொண்டு கேங்மேன்கள் பாதையோடு நடக்கிறார்களே, அவர்கள்தான் அப்பாயி கேட்ட அந்தக் கை.

இன்று மீட்டர் கேஜ் போய் அகலப் பாதை வந்துவிட்டது. மின்சாரமும் இரட்டைப் பாதையும் வந்துவிட்டன. ஆறு மட்டும் அதே ஆறு. ஐப்பசி கார்த்திகை மழையும் அதே மழை. நூறு வயதுக்கு மாலை போடுவோம், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பெற்ற பிள்ளையின் ஆண்டு நிறைவைக் கொண்டாடும் வீட்டில், திவசமும் மறவாமல்தானே நடக்கிறது?

இதை எழுதி அண்ணன் மகனிடம் கொடுத்தேன். படித்துவிட்டு வெகுநேரம் பேசாமலிருந்தான். பிறகு, "நவம்பர் 23 விடியக்காலை மருதையாத்துக்குப் போகலாமா சித்தப்பா?" என்றான்.

குடை எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். அகல் விளக்கும் எண்ணெயும் நான் கொண்டுவருகிறேன்.