சார்ட்டர் பள்ளி மீது புகார் எழுந்தால் யாரிடம் முறையிடுவது? அமெரிக்கப் பள்ளி நிர்வாகக் குழுக்கள் செயல்படும் விதம்: ஒரு விளக்கம்

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், லீலண்ட் என்னும் ஊரில் உள்ள சார்ட்டர் டே பள்ளியில் மாணவிகள் பாவாடை வகை உடைகளையே அணிய வேண்டும், கால்சட்டை அணியக் கூடாது என்ற சீருடை விதி நடைமுறையில் இருந்தது. மழலையர் வகுப்பில் சேரவிருந்த சிறுமி ஒருவரின் தாயார், 2015-ஆம் ஆண்டில் இவ்விதி குறித்துப் பள்ளியின் நிறுவனரிடம் மின்னஞ்சல் வாயிலாக ஆட்சேபம் தெரிவித்தார். மரபான பண்புகளைப் பேணவே இவ்விதி வகுக்கப்பட்டதாக அவருக்குப் பதில் அளிக்கப்பட்டது. பள்ளியின் நிர்வாகக் குழுவும் விதியை மாற்றவில்லை.

2016-இல் மாணவிகள் மூவரின் சார்பில் தொடரப்பட்ட வழக்கு, அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்று 2023 ஜூன் மாதத்திலேயே முடிவுக்கு வந்தது. ஒரு பெற்றோரின் புகார் தீர்வு காண ஏறக்குறைய 8 ஆண்டுகள் ஆயின.

அரசின் நிதியில், தனியார் அமைப்புகளின் பொறுப்பில் நடைபெறும் இத்தகைய பள்ளிகளில் புகார்களை விசாரிப்பது யார்? அதற்கு மேல் எங்கு முறையிடலாம்? இக்கேள்விகளுக்கான விளக்கங்கள் வருமாறு:

சார்ட்டர் பள்ளி என்றால் என்ன?

சார்ட்டர் பள்ளி என்பது கட்டணம் வசூலிக்காத பொதுப் பள்ளி ஆகும். ஆயினும், வழக்கமான அரசுப் பள்ளிகளைப் போன்று உள்ளூர்க் கல்வி மாவட்டம் அதனை நேரடியாக நடத்துவதில்லை. பெரும்பாலும் இலாப நோக்கற்ற அமைப்பு ஒன்று, அரசு அங்கீகரித்த அதிகார அமைப்புடன் ஒப்பந்தம் செய்துகொண்டு பள்ளியை நடத்துகிறது. அந்த ஒப்பந்தமே 'சார்ட்டர்' எனப்படுகிறது. பாடத்திட்டம், பணி நியமனம், பள்ளி நேரம் ஆகியவற்றில் பள்ளிக்குக் கூடுதல் சுதந்திரம் கிடைக்கிறது. அதற்கு ஈடாக, ஒப்பந்தத்தில் குறிப்பிட்ட கல்வி இலக்குகளை எட்ட வேண்டும். தவறினால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் போகலாம்.

சார்ட்டர் பள்ளிகளுக்கான முதல் சட்டம் 1991-ஆம் ஆண்டில் மின்னசோட்டா மாநிலத்தில் இயற்றப்பட்டது. அம்மாநிலத்தின் செயின்ட் பால் நகரில் 1992-இல் முதல் பள்ளி திறக்கப்பட்டது. அமெரிக்கக் கல்விப் புள்ளிவிவர மையத்தின் தரவுகளின்படி, 2021-ஆம் ஆண்டு இறுதியில் சுமார் 7,800 சார்ட்டர் பள்ளிகளில் ஏறத்தாழ 37 லட்சம் மாணவர்கள் பயின்றனர்.

நிர்வாகக் குழுவில் இடம்பெறுவோர் யார்?

அமெரிக்காவின் வழக்கமான கல்வி மாவட்டங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பள்ளிக் குழு உறுப்பினர்களை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கின்றனர். உறுப்பினரின் செயல்பாடு பிடிக்கவில்லை எனில் அடுத்த தேர்தலில் அவரை மாற்ற இயலும்.

சார்ட்டர் பள்ளிகளில் நிலைமை வேறு. பெரும்பாலான மாநிலங்களில் அவற்றின் நிர்வாகக் குழு உறுப்பினர்கள் நியமிக்கப்படுகின்றனர். ஓர் இடம் காலியானால், எஞ்சிய உறுப்பினர்களே புதியவரைத் தெரிவு செய்வது வழக்கம். மின்னசோட்டா இதற்கு விதிவிலக்காகும். அங்கு குழுவுக்குத் தேர்தல் நடத்தப்படுவதுடன், பள்ளியில் பணியாற்றும் ஆசிரியர், மாணவரின் பெற்றோர், பள்ளியில் பணியாற்றாத சமூகப் பிரதிநிதி ஆகியோருக்குக் குழுவில் இடமளிப்பதும் கட்டாயமாகும்.

வாக்குரிமை இல்லாத இடங்களில் பெற்றோருக்கு எஞ்சியிருப்பது இரண்டு வழிகளே: குழந்தையை வேறு பள்ளிக்கு மாற்றுவது அல்லது புகார் அளிப்பது. இதன் காரணமாகவே புகார் நடைமுறை சார்ட்டர் பள்ளிகளில் கூடுதல் முக்கியத்துவம் பெறுகிறது.

குழுவின் கடமை என்ன?

பள்ளியின் கொள்கைகளை வகுத்தல், வரவு செலவுத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தல், பள்ளித் தலைவரை நியமித்து அவரது பணியை மதிப்பிடுதல் ஆகியவை குழுவின் முதன்மைப் பணிகள். அன்றாட நிர்வாகம் பள்ளித் தலைவரின் பொறுப்பாகும்.

குழுவின் அதிகாரம், முறையாகக் கூட்டப்பட்ட கூட்டத்தில் ஒட்டுமொத்தமாகவே செயல்படுத்தப்படுகிறது. தனியொரு உறுப்பினர் ஆசிரியருக்கு உத்தரவிடவோ, பெற்றோருக்கு வாக்குறுதி அளிக்கவோ இயலாது. கடைத்தெருவில் சந்திக்கும் பெற்றோர் ஒருவர் புகார் கூறினால், அதனைக் கேட்டுக்கொண்டு உரிய நடைமுறையைத் தெரிவிப்பதே உறுப்பினரின் கடமை. அப்புகார் பின்னர் மேல்முறையீடாகக் குழுவின் முன் வரக்கூடும். ஒரு தரப்பை மட்டும் முன்கூட்டியே கேட்டு முடிவெடுத்த உறுப்பினர், அப்போது நடுநிலையாளராக இருக்க முடியாது.

புகார் எந்த வரிசையில் செல்கிறது?

பெரும்பாலான பள்ளிகளின் விதிகளில் பொதுவான வரிசை ஒன்று காணப்படுகிறது. வகுப்பறை தொடர்பான குறை முதலில் ஆசிரியரிடமும், அங்கு தீராவிடில் பள்ளித் தலைவரிடமும் செல்ல வேண்டும். அதன் பின்னரே எழுத்துப்பூர்வ முறையீடு நிர்வாகக் குழுவுக்கு வருகிறது. பள்ளித் தலைவர் மீதே புகார் எனில், அது நேரடியாகக் குழுவின் தலைவருக்கு அனுப்பப்படுகிறது. குழுவுக்கு மேல், ஒப்பந்தம் வழங்கிய அதிகார அமைப்பு உள்ளது.

இதன் சட்ட வடிவம் மாநிலத்துக்கு மாநிலம் மாறுபடுகிறது.

நியூயார்க்: மாநிலக் கல்விச் சட்டத்தின்படி, சட்டமோ ஒப்பந்தமோ மீறப்பட்டதாகக் கருதும் எவரும் பள்ளியின் அறங்காவலர் குழுவிடம் புகார் அளிக்கலாம். குழுவின் பதில் போதுமானதாக இல்லை எனில் ஒப்பந்தம் வழங்கிய அமைப்பையும், அதற்கு மேல் மாநிலக் கல்வி வாரியமான ரீஜென்ட்ஸ் வாரியத்தையும் அணுகலாம். குறைகளைக் களையுமாறு பள்ளிக்கு உத்தரவிடும் அதிகாரம் இவ்விரு அமைப்புகளுக்கும் உண்டு.

மாசசூசெட்ஸ்: அறங்காவலர் குழு, புகார் கிடைத்த 30 நாள்களுக்குள் எழுத்துப்பூர்வமாகப் பதில் அளிக்க வேண்டும். அதில் நிறைவடையாதவர்கள் மாநிலக் கல்வி ஆணையரிடம் முறையிடலாம்.

கலிபோர்னியா: பாகுபாடு உள்ளிட்ட குறிப்பிட்ட வகைப் புகார்கள் 60 நாள்களுக்குள் விசாரித்து முடிக்கப்பட வேண்டும். கற்றலில் பின்தங்கிய அல்லது மாற்றுத்திறன் கொண்ட மாணவர்களைச் சேர்க்க விடாமல் தடுப்பதும், வேறு பள்ளிக்குச் செல்லுமாறு தூண்டுவதும் அங்கு தடை செய்யப்பட்டுள்ளன. இதனை மீறும் பள்ளி மீது அதிகார அமைப்பிடம் நேரடியாகப் புகார் அளிக்கத் தனிப் படிவம் உள்ளது. மாணவரைப் பள்ளியிலிருந்து நீக்குவதற்குக் குறைந்தது 5 பள்ளி வேலைநாள்களுக்கு முன்னரே, குடும்பத்தினரின் தாய்மொழியில் எழுத்துப்பூர்வ அறிவிப்பு வழங்கப்பட வேண்டும். ஆங்கிலம் அறியாத புலம்பெயர்ந்த பெற்றோருக்கு இவ்விதி முக்கியப் பாதுகாப்பாகும்.

அதிகார அமைப்பு எல்லாப் புகார்களிலும் தலையிடுமா?

இல்லை. பெற்றோர் பலர் ஏமாற்றம் அடைவது இந்த இடத்தில்தான். ஆசிரியரின் கற்பிக்கும் முறை, வீட்டுப்பாடத்தின் அளவு, மதிப்பெண் போன்ற அன்றாட விவகாரங்களில் பள்ளிக் குழுவின் முடிவே பெரும்பாலும் இறுதியானதாகும். சட்டம், ஒப்பந்தம் அல்லது பள்ளியே வகுத்த கொள்கை மீறப்பட்டதா என்பதையே அதிகார அமைப்பு ஆராய்கிறது.

ஆகவே, 'என் மகனை நியாயமற்ற முறையில் நடத்தினர்' என்று பொதுவாக எழுதப்படும் கடிதத்தைக் காட்டிலும், 'இடைநீக்கம் செய்யும் முன் அறிவிப்பு வழங்க வேண்டும் என்ற விதி இன்ன தேதியில் பின்பற்றப்படவில்லை' என்று குறிப்பிடும் கடிதமே ஏற்கப்படும் வாய்ப்பு அதிகம்.

மத்திய அரசின் சட்டங்களும் சார்ட்டர் பள்ளிகளுக்குப் பொருந்தும். இனம், பாலினம், மாற்றுத்திறன் ஆகியவற்றின் அடிப்படையிலான பாகுபாடு குறித்து, சம்பவம் நிகழ்ந்த 180 நாள்களுக்குள் அமெரிக்கக் கல்வித் துறையின் குடிமை உரிமைகள் அலுவலகத்தில் புகார் அளிக்கலாம். சிறப்புக் கல்வி மறுக்கப்பட்டால், ஓராண்டுக்குள் மாநிலக் கல்வித் துறையிடம் முறையிடலாம்; 60 நாள்களுக்குள் அதற்கு முடிவு தெரிவிக்கப்பட வேண்டும்.

குழுவின் கூட்டத்தில் பெற்றோர் பேச முடியுமா?

பொதுக் கூட்டங்கள் தொடர்பான வெளிப்படைத்தன்மைச் சட்டங்கள் பல மாநிலங்களில் சார்ட்டர் பள்ளிகளையும் கட்டுப்படுத்துகின்றன. கலிபோர்னியாவில் இதுபற்றி நீண்டகாலம் நிலவிய சர்ச்சைக்கு 2019-இல் இயற்றப்பட்ட சட்டம் முடிவு கட்டியது. இதன்படி வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல் 72 மணி நேரத்துக்கு முன்னர் வெளியிடப்பட வேண்டும். பொதுமக்கள் கருத்து தெரிவிக்க வாய்ப்பளிக்கப்பட வேண்டும். குழு உறுப்பினர்களின் நிதி நலன் தொடர்பான கட்டுப்பாடுகளும் பொருந்தும்.

எனினும், கூட்டத்தில் எழுப்பப்படும் புகாருக்கு உறுப்பினர்கள் உடனடியாகப் பதில் அளிக்காமல் அமைதி காப்பதைக் காணலாம். நிகழ்ச்சி நிரலில் இடம்பெறாத பொருள் குறித்து விவாதிக்கச் சட்டத்தில் இடமில்லாததே இதற்குக் காரணம். ஊழியர் மீதான குற்றச்சாட்டு மூடிய அமர்வில் விசாரிக்கப்படலாம். ஆனால், அதனைப் பொது அமர்விலேயே விசாரிக்குமாறு கோரும் உரிமை கலிபோர்னியாவில் அந்த ஊழியருக்கு உண்டு. அவ்வுரிமை குறித்து 24 மணி நேரத்துக்கு முன்னரே எழுத்துப்பூர்வமாக அவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

மேற்பார்வை தவறினால் என்ன நேரும்?

ஒஹையோ மாநிலத்தில் இணையவழியில் இயங்கிய 'எலக்ட்ரானிக் கிளாஸ்ரூம் ஆஃப் டுமாரோ' பள்ளி இதற்கு எடுத்துக்காட்டாகும். 2015-16 கல்வியாண்டில் சுமார் 15,300 முழுநேர மாணவர்களுக்கு நிதி பெற்ற அப்பள்ளியில், சுமார் 6,300 பேருக்கே ஆதாரம் இருந்ததாக மாநிலக் கல்வித் துறை கண்டறிந்தது. பள்ளிக்கு மேலாண்மைச் சேவை வழங்கிய நிறுவனம், பள்ளியின் நிறுவனருடன் தொடர்புடையதாகும். நிதியைத் திருப்பிச் செலுத்த உத்தரவிடப்பட்ட நிலையில், 2018 ஜனவரியில் கல்வியாண்டின் நடுவே பள்ளி மூடப்பட்டது. சுமார் 12,000 மாணவர்கள் வேறு பள்ளி தேட நேர்ந்தது.

மேலாண்மை நிறுவனத்தைக் கேள்வி கேட்க வேண்டிய குழு அதனைச் சார்ந்தே இயங்கும்போது, இழப்பு மாணவர்களையே வந்தடைகிறது.

இப்பள்ளிகள் அரசு அமைப்பா, தனியார் அமைப்பா?

இக்கேள்விக்கான விடையைப் பொறுத்தே, பெற்றோர் அரசமைப்புச் சட்டத்தின்படி வழக்குத் தொடர முடியுமா என்பது அமைகிறது. சார்ட்டர் டே பள்ளி வழக்கில், நான்காவது மண்டல மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முழு அமர்வு 2022 ஜூன் மாதம் தீர்ப்பளித்தது. அரசின் பொறுப்பான இலவசக் கல்வியை வழங்குவதால், சீருடை விதியை அமல்படுத்துவதில் அப்பள்ளி அரசின் சார்பில் செயல்படுவதாகவே கருதப்படும் என்றும், மாணவிகளுக்கு மட்டுமான அவ்விதி சம பாதுகாப்பு உரிமைக்கு எதிரானது என்றும் நீதிமன்றம் தெரிவித்தது. பள்ளியின் மேல்முறையீட்டை விசாரணைக்கு ஏற்க உச்ச நீதிமன்றம் மறுத்தது. எனவே, அத்தீர்ப்பு நான்காவது மண்டலத்துக்கு உட்பட்ட மாநிலங்களை மட்டுமே கட்டுப்படுத்துகிறது.

ஒக்லஹோமாவில் கத்தோலிக்கச் சமயப் பள்ளிக்கு வழங்கப்பட்ட சார்ட்டர் ஒப்பந்தம் செல்லாது என 2024-இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் மீதான மேல்முறையீட்டில் 2025 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதிகள் 4-4 எனச் சம அளவில் பிரிந்தனர். இதனால் மாநிலத் தீர்ப்பு நிலைத்தது. ஆனால் நாடு முழுமைக்குமான சட்ட விளக்கம் கிடைக்கவில்லை.

இந்தியாவில் நடைமுறை என்ன?

இந்தியாவில் சார்ட்டர் பள்ளி முறை இல்லை. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆவது பிரிவின்படி, அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் குறைந்தது நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவோ பாதுகாவலர்களாகவோ இருக்க வேண்டும். உறுப்பினர்களில் 50 சதவீதத்தினர் பெண்களாக இருக்க வேண்டும். 32-ஆவது பிரிவின்படி குழந்தையின் கல்வி உரிமை தொடர்பான புகாரை உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்துப்பூர்வமாக அளிக்கலாம். 3 மாதங்களுக்குள் அதன் மீது முடிவெடுக்க வேண்டும். மேல்முறையீட்டுக்கு மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தை அணுகலாம்.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை

சார்ட்டர் பள்ளியில் குழந்தையைச் சேர்க்கும் முன்னரே, நிர்வாகக் குழு உறுப்பினர்கள் யார், ஒப்பந்தம் வழங்கிய அமைப்பு எது, புகார் விதிகள் யாவை என்பதை அறிந்துகொள்வது நல்லது. புகாரை எழுத்துப்பூர்வமாக, தேதி, நிகழ்வு, மீறப்பட்ட விதி, கோரும் தீர்வு ஆகியவற்றுடன் அளித்து நகலைப் பாதுகாக்க வேண்டும். பள்ளியின் பதிலுக்காகக் காத்திருக்கும் காலத்தில், அரசு அலுவலகங்களில் முறையிடுவதற்கான கால வரம்பு கடந்துவிடாமல் பார்த்துக்கொள்வதும் அவசியம்.

பெரும்பாலான ஒப்பந்தங்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டியவை. நியூயார்க், மாசசூசெட்ஸ் மாநிலங்களில் இக்காலம் 5 ஆண்டுகள் வரை ஆகும். புதுப்பிப்பின்போது பள்ளியின் செயல்பாட்டை அதிகார அமைப்பு முழுமையாக மதிப்பிடுகிறது. எழுத்தில் பதிவான புகாரும் அதற்குக் குழு அளித்த பதிலும் அப்போது ஆவணமாகத் துணை நிற்கும். வாய்மொழியாகக் கூறப்பட்ட குறைக்கு அந்த வாய்ப்பு இல்லை.