நெஞ்சில் இருக்கும் சின்னம் யாருடையது? அமெரிக்கப் பல்கலைக்கழக ஜேர்ஸிகளின் கதை

நம் ஊர்களில் பாடசாலை அணிக்கு ஜேர்ஸி அடிக்கும் காலம் வந்தால் போதும். துணி மெல்லிசு, நிறம் நமது நிறமே இல்லை, அனுசரணையாளரின் பெயர் பாடசாலைச் சின்னத்தை விடப் பெரிசு என்று பழைய மாணவர்கள் நடுவே வாதம் கிளம்பிவிடும். சின்ன விஷயத்துக்கு ஏன் இவ்வளவு சண்டை என்று சிலர் சலித்துக்கொள்வார்கள். இதே சண்டை அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பல தசாப்தங்களாக, பல கோடி டொலர் கணக்கில் நடந்து வருகிறது. அந்த வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம். அதன் ஒரு நுனி நமது நாட்டுத் தையல் இயந்திரங்களிலும் மாட்டியிருக்கிறது.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் பல்கலைக்கழக விளையாட்டு என்பது நம் பல்கலைக்கழகப் போட்டிகளைப் போன்றதல்ல. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மைதானத்தில் மட்டும் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் உட்காரலாம். தொலைக்காட்சி, நுழைவுச் சீட்டு, சின்னம் பொறித்த ஆடை விற்பனை எல்லாம் சேர்ந்து அது ஒரு பெரும் வியாபாரம். ஆனால் விளையாடும் மாணவர்கள் மட்டும் நீண்ட காலமாக "பொழுதுபோக்கு வீரர்கள்" என்றே கணக்கிடப்பட்டார்கள். படிப்புச் செலவு கிடைக்கும். அதற்கு மேல் தமது பெயரையோ முகத்தையோ வைத்துப் பணம் உழைக்க விதி இடம் கொடுக்கவில்லை.

பல்கலைக்கழகம் காசு கொடுத்து வாங்கிய காலம்

தொடக்கத்தில் கணக்கு நேரானது. பல்கலைக்கழகம் காசு கொடுத்தது, கம்பனி உடுப்புத் தைத்துக் கொடுத்தது. நியூயோர்க் மாநிலத்தின் ரொச்செஸ்டர் நகரில் 1919 இல் தொடங்கிய நிறுவனம்தான் பின்னர் சம்பியன் என்று பெயர் பெற்றது. பல்கலைக்கழக அணிகளுக்கு ஸ்வெட்டர்களும் பயிற்சி உடைகளும் விற்றே அது வளர்ந்தது. பருத்தித் துணி கழுவக் கழுவ நீளத்தில் சுருங்கும். அதற்குத் தீர்வாகத் துணியைக் குறுக்காகத் திருப்பி வெட்டும் முறைக்கு அந்த நிறுவனம் 1938 இல் காப்புரிமை பெற்றது. வாங்குபவர் பல்கலைக்கழகமாக இருந்தபோது தரம் பற்றிய முறைப்பாட்டுக்கு விற்பவர் பதில் சொல்லியாக வேண்டியிருந்தது.

தரம் என்றால் எப்போதும் உறுதி என்றும் நினைக்க வேண்டாம். 1960, 70களில் அமெரிக்கன் ஃபுட்போலில் வேண்டுமென்றே கிழியும் ஜேர்ஸி அணிந்தார்கள். எதிரணிக்காரர் பிடித்து இழுத்தால் துணி அவர் கையோடு போகும், வீரர் ஓடிவிடுவார். பிறகு விதி போட்டு அதை நிறுத்தினார்கள். உடையின் தரம் என்பது யாருடைய தேவைக்காக அது தைக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தது.

பணத்தின் திசை மாறிய வருடங்கள்

1970களின் பிற்பகுதியில் கணக்குத் தலைகீழானது. நைக்கி அப்போது இளம் நிறுவனம். ஒரிகன் பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர் ஃபில் நைட்டும் அங்கே அவரது பயிற்றுவிப்பாளராக இருந்த பில் பவர்மனும் ஆரம்பித்தது. அந்த நிறுவனத்தில் 1977 இல் சேர்ந்த சன்னி வக்காரோ ஒரு யோசனை சொன்னார். வீரர்களுக்குப் பணம் கொடுக்கத்தானே தடை? பயிற்றுவிப்பாளருக்குக் கொடுக்கத் தடை இல்லையே. பயிற்றுவிப்பாளருக்குக் காசோலை, அணிக்கு இலவசச் சப்பாத்து. அணி முழுவதும் அதே சப்பாத்தோடு தொலைக்காட்சியில் ஓடும்.

அடுத்த கட்டமாக, ஒரு பயிற்றுவிப்பாளருடன் அல்லாமல் பல்கலைக்கழகத்தின் எல்லா அணிகளுக்கும் சேர்த்து ஒப்பந்தம் வந்தது. 1987 இல் மியாமி பல்கலைக்கழகம் நைக்கியோடு செய்ததே அதில் முதலாவது என்று பொதுவாகச் சொல்வார்கள். அதன் பின் தொகைகள் ஏறிக்கொண்டே போயின. 2015 இல் டெக்சாஸ் 15 வருடங்களுக்கு 250 மில்லியன் டொலர். 2016 தொடக்கத்தில் ஒஹையோ ஸ்டேட் 252 மில்லியன். அதே வருடம் மே மாதம் கலிபோர்னியாவின் யூ.சீ.எல்.ஏ., அண்டர் ஆர்மர் நிறுவனத்தோடு 280 மில்லியன். இது பணமும் பொருளும் சேர்ந்த பெறுமதி.

இப்போது பல்கலைக்கழகம் வாங்குபவர் அல்ல, விற்பவர். அது விற்றது மாணவர்களின் நெஞ்சில் இருக்கும் சில அங்குல இடத்தை.

இரசிகர்கள் வாதிட்டது எதைப் பற்றி?

இரசிகர்கள் இதை வேறு விதமாகப் பார்த்தார்கள். அவர்களுக்கு ஜேர்ஸி என்பது ஒரு அடையாளம். மிச்சிகனின் கதை நல்ல உதாரணம். நைக்கி அணிந்துவந்த அந்தப் பல்கலைக்கழகம் 2007 இல் அடிடாஸுக்கு மாற ஒப்பந்தம் செய்தது. அதன் பின் வருடக்கணக்கில் முணுமுணுப்பு. நமது மஞ்சள் இந்த மஞ்சள் இல்லை, விசேட போட்டிகளுக்கு அடிக்கும் ஜேர்ஸிகள் கோமாளி உடுப்பு மாதிரி இருக்கின்றன என்று குறை சொன்னார்கள். 2015 இல் மீண்டும் நைக்கியோடு கைச்சாத்தாகி, 2016 ஓகஸ்ட் 1 ஆம் திகதி அது நடைமுறைக்கு வந்தபோது, ஆன் ஆர்பர் நகரில் கடையை நள்ளிரவில் திறந்தார்கள். புதிய ஆடை வாங்க மக்கள் வரிசையில் நின்றார்கள்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. வீரர் அணியும் ஜேர்ஸியும் இரசிகர் கடையில் வாங்கும் ஜேர்ஸியும் பெரும்பாலும் ஒன்றல்ல. மலிவான பிரதிகளில் இலக்கங்கள் தைக்கப்படுவதில்லை, சூட்டில் அழுத்தி ஒட்டப்படுகின்றன. பல தடவை கழுவினால் ஓரம் கிளம்பும். நமது பிரின்டிங் கடைகளில் அடிக்கும் ரீ-சேர்ட்டுகளில் நாம் காண்பதும் இதுதான்.

சில வேளைகளில் தரப் பிரச்சினை உடல் காயமாகவே முடிந்தது. 2019 பெப்ரவரி 20 ஆம் திகதி டியூக் பல்கலைக்கழகமும் வட கரோலினாவும் மோதிய கூடைப்பந்தாட்டம். முன்னாள் ஜனாதிபதி ஒபாமாவும் பார்வையாளர்களில் இருந்தார். முதல் நிமிடத்திலேயே டியூக்கின் நட்சத்திர வீரர் சயன் வில்லியம்சனின் நைக்கிச் சப்பாத்து பிளந்தது, அவர் முழங்காலில் காயப்பட்டார். மறுநாள் நைக்கியின் பங்கு விலை ஏறக்குறைய 1 வீதம் இறங்கியது. காயப்பட்டவருக்கோ, அன்றைய விதிப்படி அந்தச் சப்பாத்தை அணிந்ததற்கு ஒரு சதம்கூடப் பெற உரிமை இல்லை.

"இதைத் தைத்தது யார்?"

எல்லா மாணவர்களும் நிறத்தைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருக்கவில்லை. 1990களின் இறுதியில் சிலர் வேறொரு கேள்வியைக் கேட்டார்கள்: நமது பல்கலைக்கழகத்தின் பெயர் பொறித்த இந்த உடுப்பு எந்த ஊரில், எந்தத் தொழிற்சாலையில், என்ன சம்பளத்துக்குத் தைக்கப்பட்டது?

1999 இல் டியூக், ஜோர்ஜ்டவுன், விஸ்கொன்சின், மிச்சிகன் ஆகிய பல்கலைக்கழகங்களில் மாணவர்கள் நிர்வாக அலுவலகங்களுக்குள் உட்கார்ந்து போராடினார்கள். தொழிற்சாலைகளின் பெயரையும் முகவரியையும் வெளியிடு என்பதே முக்கியக் கோரிக்கை. அது வியாபார இரகசியம் என்று கம்பனிகள் சொல்லிவந்தன. ஆனால் அதே வருடம் ஒக்டோபரில் பல்கலைக்கழக ஆடைகள் தைக்கும் தொழிற்சாலைகள் சிலவற்றை நைக்கி வெளியிட்டது. 2005 இல் தனது எல்லாத் தொழிற்சாலைகளின் பட்டியலையும் வெளியிட்டது.

பணத்தின் பலமும் அப்போது வெளிச்சத்துக்கு வந்தது. கம்பனிகளின் பிடிக்குள் இல்லாத தொழிலாளர் உரிமைக் கண்காணிப்பு அமைப்பொன்றில் 2000 ஏப்ரலில் ஒரிகன் பல்கலைக்கழகம் சேர்ந்தது. சில நாட்களில், மைதானத்தை விஸ்தரிக்கத் தருவதாக இருந்த 30 மில்லியன் டொலர் நன்கொடையை ஃபில் நைட் நிறுத்தினார். அடுத்த வருடம் அந்த அமைப்போடு பல்கலைக்கழகத்தின் உறவு முடிந்தது, நன்கொடையும் திரும்பி வந்தது. அனுசரணை தருபவர் ஜேர்ஸியில் இடம் மட்டும் கேட்பதில்லை, சில நேரம் நமது வாயையும் கேட்பார் என்பதற்கு இதை விடத் தெளிவான உதாரணம் தேவையில்லை.

ஆனால் மறுபக்கமும் நடந்தது. ஹொண்டுராஸில் ரஸல் நிறுவனத்தின் தொழிற்சாலை ஒன்றில் தொழிலாளர்கள் சங்கம் அமைத்தார்கள். 2009 தொடக்கத்தில் அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது. அமெரிக்க மாணவர்கள் விடவில்லை. ஏறக்குறைய 100 பல்கலைக்கழகங்கள் ரஸலுடன் தமது ஒப்பந்தங்களை நிறுத்தின. அதே வருடம் நவம்பரில் புதிய தொழிற்சாலை திறந்து சுமார் 1,200 தொழிலாளர்களை மீண்டும் வேலைக்கு எடுக்கவும் சங்கத்தை ஏற்கவும் நிறுவனம் சம்மதித்தது. ஜேர்ஸி வாங்குபவரும் தைப்பவரும் ஒரே பக்கம் நின்றபோது நடந்தது இது.

ஒப்பந்தம் முறிந்தபோது

யூ.சீ.எல்.ஏ.யின் 280 மில்லியன் என்ன ஆனது? கொரோனாக் காலத்தில், 2020 இல், எதிர்பார்த்த பயன் கிடைக்கவில்லை என்று சொல்லி அண்டர் ஆர்மர் ஒப்பந்தத்திலிருந்து விலகியது. பல்கலைக்கழகம் நீதிமன்றம் போனது. 2022 இல் ஏறக்குறைய 67 மில்லியன் டொலருக்குச் சமாதானமானது. இதற்கிடையில் நைக்கியின் ஜோர்டன் பிராண்டோடு முன்னையதை விட மிகவும் சிறிய ஒப்பந்தம் ஒன்றைச் செய்ய வேண்டியதாயிற்று. பத்திரிகைத் தலைப்பில் வந்த தொகையும் கையில் வந்த தொகையும் ஒன்றல்ல.

வீரர்களின் நிலையும் மெல்ல மாறியது. யூ.சீ.எல்.ஏ.யின் முன்னாள் வீரர் எட் ஒபனன் தமது உருவத்தை வீடியோ விளையாட்டில் அனுமதியின்றிப் பயன்படுத்தியதற்கு எதிராக 2009 இல் வழக்குப் போட்டார். அவருக்குத் துணை நின்றவர்களில் அதே சன்னி வக்காரோவும் ஒருவர். 2021 ஜூலை முதல் மாணவ வீரர்கள் தமது பெயரையும் உருவத்தையும் வைத்துப் பணம் உழைக்க அனுமதி வந்தது.

நமக்கு இதில் என்ன?

1978 இல் கட்டுநாயக்க வலயம் ஆரம்பித்தது. இன்று ஆடைத் தொழிலே நமது நாட்டின் மிகப் பெரிய கைத்தொழில் ஏற்றுமதி. தனி நாடாகப் பார்த்தால் அமெரிக்காவே அதன் மிகப் பெரிய கொள்வனவாளர். நைக்கி வெளியிடும் தொழிற்சாலைப் பட்டியலில் இலங்கையும் இருக்கிறது. 2025 ஏப்ரலில் அமெரிக்கா நமது பொருட்களுக்கு 44 வீத வரி என்று அறிவித்து, ஓகஸ்டில் 20 வீதத்துக்கு இறக்கியது. அந்த மாதங்களில் தொழிற்சாலைக்குப் போகும் நமது சகோதரிகளின் வீடுகளில் இருந்த பயம் நமக்குத் தெரியும். வியர்வை உலர முன் கூலி என்று சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். வியர்வையை உறிஞ்சும் துணி எது என்று விவாதிக்கும் இரசிகர், அதைத் தைத்தவரின் வியர்வையையும் ஒரு கணம் நினைத்தால், 2009 இல் நடந்தது மறுபடியும் நடக்கலாம்.

நமது பாடசாலைகளுக்கும் ஒரு பாடம் உண்டு. அனுசரணை வேண்டாம் என்பதல்ல. வசதி குறைந்த பாடசாலைக்கு 20 ஜேர்ஸி பெரிய உதவி. தருகின்றவர்களை நன்றியோடு நினைப்போம். ஆனால் வாங்கும் முன் சில கேள்விகளைக் கேட்டுக்கொள்வோம். பாடசாலைச் சின்னம் பெரிதா, கம்பனிப் பெயர் பெரிதா? துணியை யார் பார்த்துத் தெரிவு செய்கிறார்கள், அதை அணியப் போகும் பிள்ளைகளிடம் கேட்டோமா? பணம் பாதியில் நின்றால் என்ன செய்வோம்? இந்த உதவிக்குப் பதிலாக நாம் எதைப் பேசாமல் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கப்படுகிறது?

அடுத்த விளையாட்டுப் போட்டிக்கு முன் பழைய மாணவர் சங்கக் கூட்டங்களில் இந்த நான்கையும் ஒரு தடவை மேசையில் வையுங்கள். நிறத்தைப் பற்றிய சண்டையை அதற்குப் பிறகு ஆறுதலாகப் போட்டுக்கொள்ளலாம்.