எண்ணும் பொருளும்: மணிமேகலையிற் காணும் தத்துவத் தொகைகள்

உலகில் உள்ளவை யாவை, அவற்றை அறிபவன் யார் என்னும் வினாக்கள் தொன்றுதொட்டு மக்கள் உள்ளத்தில் எழுந்துள்ளன. அவற்றிற்கு விடை கூறப் புகுந்த சமயத்தார் ஒவ்வொருவரும் தத்தம் கொள்கையை ஓர் எண்ணுக்குள் அடக்கிக் கூறினர். ஆறு பொருள், இருபத்தைந்து தத்துவம், ஐந்து கந்தம் என்றாற்போல்வன அவை. இத்தொகைகளை இன்று மாணாக்கர் நெட்டுருச் செய்து ஒப்பிக்கின்றனர். எவ்வினாவிற்கு விடையாக அவை பிறந்தன என்பதை எண்ணிப் பார்ப்பார் அரியர். வினா மறைந்தவிடத்து விடை வெறும் பட்டியலாகிவிடும். மணிமேகலையைத் துணைக்கொண்டு அவ்வினாவினை மீட்டுக் காண்டலே இக்கட்டுரையின் நோக்கம்.

மணிமேகலையின் இருபத்தேழாவது காதை 'சமயக் கணக்கர்தம் திறம் கேட்ட காதை' என்பது. வஞ்சி நகரத்தே மணிமேகலை பல சமயத்தாரையும் அணுகி அவர்தம் கொள்கையை வினவுகின்றாள். அவர்கள் கூறும் விடைகள் பலவும் எண்ணுதலாகவே அமைந்துள்ளன. மேலோட்டமாக நோக்குவார்க்கு இது பல்வேறு பட்டியல்களின் கோவையாகத் தோன்றும். ஆயின், அறிவு என்பது எதற்கு உரியது என்னும் ஒரு வினாவை மட்டும் கையிற் கொண்டு இக்காதையைப் பயில்வார்க்கு, அத்தொகைகள் ஒன்றோடொன்று வழக்காடுதல் புலனாகும்.

பூதவாதி அறிவிற்குத் தனியுடையவன் ஒருவன் வேண்டுவதில்லை என்பான். சில பொருள்கள் கூடிய வழிக் கள்ளின்கண் களிப்புப் பிறத்தல்போலப் பூதங்களின் கூட்டுறவால் உணர்வு பிறக்கும் என்பது அவன் துணிபு. ஆகலின் அவனுடைய எண்ணில் உயிருக்குத் தனியிடம் இல்லை. ஆசீவகனோ நால்வகை அணுவோடு உயிரையும் கூட்டிப் பொருள் ஐந்து என்பான். ஈண்டு நான்கு ஐந்தாயிற்று. அவ்வொன்றின் மிகுதியே இருவர்க்கும் இடையிலுள்ள வேறுபாடு.

சாங்கியன் தத்துவம் இருபத்தைந்து என எண்ணுகின்றான். மூலப்பகுதி முதலாக நிலம் ஈறாக இருபத்துநான்கும் இயற்கையின் பாற்படும்; எஞ்சிய ஒன்று புருடன். வியப்பு யாதெனின், புத்தியும் மனமும் இயற்கையின் பக்கலில் எண்ணப்பெற்றமையே. ஆராய்தலும் துணிதலும் இயற்கையின் தொழில். புருடன் உணர்வு வடிவினனாய் நிற்பான். வைசேடிகன் இதனை உடன்படான். அவன் பொருள், குணம், கருமம், சாமானியம், விசேடம், கூட்டம் எனக் கூறு ஆறு என்பான். நிலம், நீர், தீ, வளி, ஆகாயம், திசை, காலம், ஆன்மா, மனம் என்னும் ஒன்பதும் பொருள். அறிவோ குணத்துள் அடங்கும். குணம் தனித்து நில்லாது, தன்னையுடைய பொருளொன்றனை வேண்டும். ஆகலின் அறிவு கொண்டு ஆன்மா உண்டு எனத் துணிதல் அவன் நெறி. குணத்தையும் குணியையும் பிரிவின்றிப் பிணிப்பது ஆறாவதாகிய கூட்டம். அஃதின்றேல் அவ்வழக்கு முழுவதும் சிதையும்.

இனி, காஞ்சியில் மணிமேகலை கேட்கும் பௌத்த அறம் இம்முடிபினை மறுப்பது. உருவு, நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு எனக் கந்தம் ஐந்து. இவ்வைந்திற்கும் அப்பால் இவற்றையுடையான் ஒருவனை அந்நெறி எண்ணவில்லை. எண்ணாது விட்டமைதானே ஈண்டு விடையாகும். தொகையுள் இடம்பெறாத ஒன்றும் தொகையின் பொருளை உணர்த்தும் என்பது இதனால் விளங்கும்.

இத்தொகைகள் காலந்தோறும் வளர்ந்தன. பிரசத்தபாதர் ஆறு கூறே கொண்டார். சந்திரமதி இயற்றிய நூல் பத்துக் கூறு கொண்டது. அந்நூலைச் சீன யாத்திரிகர் யுவான் சுவாங் 648-இல் சீன மொழியிற் பெயர்த்தார். பிற்கால வைசேடிகர் இன்மையையும் சேர்த்து ஏழென்றனர். மணிமேகலை ஆறு என்றே கூறுதல் பழைய நிலையோடு பொருந்துகின்றது. ஆயினும் இவ்வோர் எண்ணைக் கொண்டு காப்பியத்தின் காலத்தை அறுதியிடுதல் சாலாது. புதிய தொகை தோன்றிய பின்னரும் பழைய தொகை பயிலப்படுதல் இயல்பாகலின் என்க.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதம் பன்னிரண்டு சூத்திரங்களில் பதி, பசு, பாசம் என்னும் முப்பொருளை நிறுவிற்று. சைவ சித்தாந்தம் தத்துவம் முப்பத்தாறு என்னும். சாங்கியர் இயற்கையின்பாற் கொண்ட இருபத்துநான்கும் அதனுள் ஆன்ம தத்துவமாக அடங்கின. புருடனும் வித்தியாதத்துவம் ஏழனுள் ஒன்றாயிற்று. உயிரோ முப்பத்தாறிற்கும் வேறாக வைக்கப்பெற்றது. பிறர் கண்ட முடிபினை முற்றும் தள்ளாது, அதனைத் தன் ஏணியின் கீழ்ப்படியாக அமைத்துக்கொண்ட திறம் இது.

தமிழிற் 'பொருள்' என்னும் சொல் சொல்லின் கருத்தினையும் உலகத்து உள்பொருளையும் ஒருங்கே குறிக்கும். வடமொழியிற் 'பதார்த்தம்' என்பதும் சொற்பொருள் என்றே பிரிந்து நிற்கும். எண்ணிய எல்லாம் உள்ளனவோ, சொல்லளவில் நிற்பனவோ என்னும் ஐயம் அச்சொற்களிலேயே அடங்கியுள்ளது. ஆகலின், தொகைகளைப் பயிற்றுங்கால் எத்துணை என்பதனோடு அமையாது, எது சேர்க்கப்பட்டது, எது விடப்பட்டது, எதன் பொருட்டு என்பனவற்றையும் ஆராய்தல் நம் கடன். அங்ஙனம் பயிலின், நெட்டுருவாய்க் கிடக்கும் எண்கள் வாதம் புரியும் குரல்களாக மீண்டும் ஒலிக்கும். மணிமேகலையின் இருபத்தேழாவது காதையும் கதையோட்டத்திற்கு இடையூறெனக் கருதிக் கடந்துசெல்லும் பகுதியாகாமல், நின்று பயிலும் பகுதியாகும்.