மீண்டும் வரச் சொல்லும் கடிதம்

வரலாறு என்று சொன்னதும் அரசர்களும் போர்களும் நம் நினைவுக்கு வருவது இயல்பு. இன்று நாம் பேசப் போவதோ ஒரு சிறு கண்ணாடித் துண்டின் வரலாறு. அந்தத் துண்டின் மேல் கருப்பை வாயிலிருந்து எடுத்த சில உயிரணுக்களைத் தடவி, நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்க்கிறார்கள். பேப் ஸ்மியர் என்று நாம் கேள்விப்படும் பரிசோதனை இதுதான்.

இந்த வரலாறு தோட்டப்புறக் குடும்பங்களுக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். காரணம் இருக்கிறது. கிளினிக்கில் பரிசோதனை செய்துகொண்ட தாய்மாரில் சிலருக்குச் சில வாரங்கள் கழித்து ஒரு கடிதமோ தொலைபேசிச் செய்தியோ வருகிறது. "முடிவில் மாறுதல் தெரிகிறது, மீண்டும் வரவும்" என்பதே அதன் சாரம். அதைக் கேட்டதும் சிலர் தமக்குப் புற்றுநோய் வந்துவிட்டது என்றே முடிவு செய்து, சோறு தண்ணீர் இறங்காமல் கிடக்கிறார்கள். வேறு சிலர் கடிதத்தை மடித்துச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு, வீட்டில் யாரிடமும் சொல்லாமல் மறுநாள் வேலைக்குப் போய்விடுகிறார்கள். இந்த இரண்டும் ஏன் தவறு என்பதை இப்பரிசோதனையின் வரலாறே நமக்குச் சொல்லித் தரும்.

கிரேக்க நாட்டின் எவியா தீவில், கிமி என்ற ஊரில் 1883ஆம் ஆண்டு பிறந்தவர் ஜார்ஜ் பாபனிகோலாவ். மருத்துவம் படித்துப் பட்டம் பெற்ற அவர் 1913இல் தம் மனைவி ஆண்ட்ரோமகியுடன் அமெரிக்காவுக்குக் குடியேறினார். பிழைப்புத் தேடிக் கடல் கடந்து வந்தவர்களின் பாட்டை நம் முன்னோர் நன்கறிவார்கள். அந்தத் தம்பதியின் தொடக்க நாள்களும் அப்படித்தான் இருந்தன. மருத்துவர் ஒரு பெரிய கடையில் கம்பளம் விற்றார். மனைவி துணிகளுக்குப் பொத்தான் தைத்தார். அடுத்த ஆண்டுதான் நியூயார்க்கில் கார்னெல் மருத்துவக் கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் அவருக்கு வேலை கிடைத்தது.

அங்கே அவர் கினிப் பன்றிகளின் உயிரணுக்களை ஆராய்ந்து 1917இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பின்பு பெண்களின் உயிரணுக்களை ஆராய விரும்பினார். அதற்கு முன்வந்தவர் அவருடைய மனைவியே. பல ஆண்டுகள் அந்த அம்மையார் தம்மிடமிருந்தே மாதிரி எடுக்க இசைந்தார். நலமான உடலின் உயிரணு எப்படி இருக்கும் என்பது தெரிந்தால்தானே, அதில் உண்டாகும் மாறுதலைக் கண்டுகொள்ள முடியும்? இன்று உலகெங்கும் எத்தனையோ பெண்களைக் காக்கும் இந்த அறிவுக்கு அடித்தளமாக இருந்தவர் ஒரு பெண் என்பதை நாம் மறக்கலாகாது.

புற்றுநோயுள்ள பெண்ணின் உயிரணு கண்ணாடித் துண்டில் தனியாக அடையாளம் தெரிவதைக் கண்ட பாபனிகோலாவ், 1928இல் ஒரு மாநாட்டில் அதை எடுத்துரைத்தார். அதே காலத்தில் ருமேனியா நாட்டு மருத்துவர் ஆரெல் பாபேஷ் என்பவரும் தனியே இதே போன்ற முடிவுக்கு வந்திருந்தார். ஆனால் மருத்துவ உலகம் அப்போது இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பத்தாண்டுக்கு மேல் கழிந்த பிறகு, ஹெர்பர்ட் டிரவுட் என்ற மகப்பேற்று மருத்துவருடன் சேர்ந்து 1941இல் கட்டுரையும் 1943இல் நூலும் வெளியிட்டபோதுதான் இதன் அருமை விளங்கியது. 1947இல் கனடாவைச் சேர்ந்த எர்னஸ்ட் அய்ர், கருப்பை வாயிலிருந்தே மாதிரியைச் சுரண்டி எடுக்கும் மரக்குச்சியை வடிவமைத்தார். 1949இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலம் இப்பரிசோதனையைப் பரவலாக நடத்தத் தொடங்கியது.

இனி, "மாறுதல்" என்ற சொல்லுக்கு வருவோம். பாபனிகோலாவ் தாம் கண்ட உயிரணுக்களை ஐந்து வகுப்பாகப் பிரித்தார். முதல் வகுப்பு நலமானது. ஐந்தாம் வகுப்பு புற்றுநோய். இடையிலே படிகள் இருந்தன. 1967இல் ரால்ஃப் ரிச்சர்ட் என்ற அமெரிக்க மருத்துவர் புற்றுநோய்க்கு முந்திய நிலைகளை ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்தினார். 1988இல் பரிசோதனை முடிவுகளைக் குறைந்த அளவு மாறுதல், கூடுதல் அளவு மாறுதல் என்று எழுதும் முறை வந்தது. ஆகவே கடிதத்தில் காணும் "மாறுதல்" என்பது ஒரே சொல்லானாலும் அதன் பின்னே பல படிகள் உள்ளன. பெரும்பாலோருக்கு அது கீழ்ப்படியிலேயே இருக்கும். மீண்டும் வரச் சொல்வது, எந்தப் படி என்று பார்ப்பதற்காகத்தான்.

இந்த மாறுதல் எதனால் உண்டாகிறது? நெடுங்காலம் இதற்கு விடை கிடைக்கவில்லை. ஜெர்மனியைச் சேர்ந்த ஹரால்ட் சூர் ஹவுசனும் அவருடைய குழுவினரும் 1983இலும் 1984இலும் எச்.பி.வி. என்ற வைரஸின் இரண்டு வகைகளைக் கருப்பை வாய்ப் புற்றுநோயில் கண்டுபிடித்தனர். அதற்காக 2008இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த வைரஸ் கணவன் மனைவி உறவின் வழியாகத் தொற்றுவது. இதைக் கேட்டதும் சில வீடுகளில் சந்தேகமும் சண்டையும் கிளம்புகின்றன. அது தேவையற்றது. உடலுறவு கொள்ளும் ஆண் பெண் இருபாலரில் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் எப்போதாவது இது வந்து போகிறது. பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளுக்குள் உடம்பே இதை விரட்டிவிடும். சிலரிடம் எந்த அறிகுறியும் காட்டாமல் பல ஆண்டுகள் தங்கியிருக்கும். எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்தப் பரிசோதனையும் சொல்லாது. ஆகவே மனைவியின் ஒழுக்கத்தையோ கணவனின் ஒழுக்கத்தையோ அளக்கும் கோலாக இதை எவரும் பயன்படுத்தலாகாது. நீங்காமல் தங்கிவிடும் வைரஸ்தான் மாறுதலை உண்டாக்குகிறது. அந்த மாறுதல் புற்றுநோயாக முற்றுவதற்குப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் பிடிக்கும். உடலின் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கு மட்டும் இக்காலம் குறையலாம்.

அப்படியானால் சும்மா இருந்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். இக்கேள்விக்கு வரலாறு ஒரு துயரமான விடையை வைத்திருக்கிறது. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் பெண்களுக்கான தேசிய மருத்துவமனையில் ஹெர்பர்ட் கிரீன் என்ற மருத்துவர் பணியாற்றினார். மூன்றாம் படி மாறுதல் புற்றுநோயாக முற்றாது என்பது அவர் கொண்ட கருத்து. 1966 முதல் அத்தகைய பெண்கள் பலருக்கு முறையான சிகிச்சை தராமல், அவர்களைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார். தாங்கள் ஓர் ஆய்வில் இருக்கிறோம் என்பதே அப்பெண்களுக்குத் தெரியாது. அதே மருத்துவமனையில் பணியாற்றிய சக மருத்துவர்கள் 1984இல் உண்மை நிலையை மருத்துவ ஏட்டில் வெளியிட்டனர். 1987இல் சாண்ட்ரா கோனி, பிலிடா பங்கிள் என்ற இரு பெண்கள் அதைப் பொதுமக்களுக்கு எழுதிக் காட்டினர். நீதிபதி சில்வியா கார்ட்ரைட் விசாரணை நடத்தி 1988இல் அறிக்கை தந்தார்.

அந்தப் பெண்களின் நிலையைப் பின்னாளில் ஆராய்ந்து 2008இல் வெளியிட்ட கணக்கு இது: சரியான சிகிச்சை பெறாதவர்களில் 100க்கு ஏறத்தாழ 31 பேருக்கு 30 ஆண்டுகளுக்குள் புற்றுநோய் வந்தது. முறையான சிகிச்சை பெற்றவர்களில் 100க்கு ஒருவருக்கும் குறைவாகவே வந்தது. இந்தக் கணக்கை இரு பக்கமும் பார்க்க வேண்டும். மிக உயர்ந்த படி மாறுதல்கூட எல்லாருக்கும் புற்றுநோயாவதில்லை. ஆகவே கடிதம் கண்டதும் கலங்க வேண்டாம். ஆனால் சிகிச்சை இல்லாமல் விட்டால் மூவரில் ஒருவர் அளவுக்கு ஆபத்து நெருங்குகிறது. ஆகவே கடிதத்தை மறைத்து வைக்கவும் வேண்டாம்.

அடுத்து, அந்த மறு பரிசோதனை என்பது என்ன? ஹான்ஸ் ஹின்செல்மன் என்ற ஜெர்மானியர் 1925இல் அமைத்த கோல்போஸ்கோப் என்ற பெரிதாக்கிக் காட்டும் கருவியால் மருத்துவர் கருப்பை வாயைப் பார்க்கிறார். பார்க்கும் முன் நீர்த்த காடியைத் தடவுகிறார். ஆம், நாம் சமையலறையில் வினிகர் என்று வைத்திருக்கிறோமே, அதிலுள்ள அதே அமிலம்தான். மாறுதல் உள்ள இடம் வெளுத்துத் தெரியும். தேவைப்பட்டால் அங்கிருந்து மிகச் சிறிய அளவு தசையைக் கிள்ளி எடுத்து ஆய்வுக்கு அனுப்புவார்கள். சுருக்கென்று வலிக்கலாம். ஓரிரு நாள் சிறிது உதிரம் படலாம். அவ்வளவுதான்.

கீழ்ப்படி மாறுதலானால் பெரும்பாலும் சிகிச்சை எதுவும் தேவைப்படாது. குறித்த காலத்தில் மீண்டும் சோதித்தால் போதும். மேற்படி மாறுதலானால் அந்த இடத்தை மட்டும் அகற்றுவார்கள். ஒரு காலத்தில் இதற்காகக் கருப்பையையே எடுத்தார்கள். 1989இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர மருத்துவர்கள் மின்கம்பி வளையத்தால் அந்த இடத்தை மட்டும் செதுக்கி எடுக்கும் முறையை விளக்கி எழுதினர். அது பரவிய பிறகு, மரக்க ஊசி போட்டு முடித்து அன்றே வீடு திரும்பும் நிலை வந்தது. பால்மரத்தின் வெட்டுப் பட்டையில் பூசணம் கண்டால் நாம் மரத்தையே சாய்ப்பதில்லை. அந்த இடத்துக்கு மருந்து பூசுகிறோம். இதுவும் அது போன்றதே. இனிப் பிள்ளை பெற விரும்புவோர் அதை மருத்துவரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். பிற்காலத்தில் கருவுற்றாலும் இந்தச் சிகிச்சை நடந்ததைத் தெரிவிக்க வேண்டும்.

ஏழை நாட்டுக் கிராமங்களில் இதெல்லாம் நடக்குமா என்ற ஐயத்துக்கும் விடை உண்டு. தமிழ்நாட்டில் திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் 2000ஆம் ஆண்டில் தொடங்கி, பயிற்சி பெற்ற தாதியர் காடி தடவிப் பார்க்கும் முறையில் ஏறத்தாழ 31,000 பெண்களைச் சோதித்தனர். சுமார் 3,000 பேருக்கு மேலும் சோதனை தேவைப்பட்டது. அவர்களில் முன்நிலை மாறுதல் இருந்த பலருக்குச் சிகிச்சையும் தரப்பட்டது. 2007இல் வெளியான முடிவின்படி, வழக்கமான கவனிப்பு மட்டுமே இருந்த ஊர்களைவிட இவ்வூர்களில் இந்த நோயால் இறப்பது 35 விழுக்காடு குறைந்திருந்தது. கல்வியறிவு குறைந்த, கூலி வேலை செய்யும் தாய்மாரே அவர்களில் மிகுதி. அழைத்தபோது அவர்கள் திரும்பி வந்ததால்தான் அந்தப் பலன் கிட்டியது.

நம் மலேசியாவில் இப்பரிசோதனை 1960களிலேயே வந்துவிட்டது. 2010 முதல் 13 வயது மாணவியருக்குப் பள்ளியிலேயே எச்.பி.வி. தடுப்பூசி போடும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. அண்மைக் காலத்தில் வைரஸையே நேரடியாகத் தேடும் சோதனையும், பெண்கள் தாங்களே மாதிரி எடுத்துக் கொடுக்கும் முறையும் அறிமுகமாகியுள்ளன. கூச்சத்தால் தயங்கும் தாய்மார்க்கு இது பெரிய வசதி. சிங்கப்பூரில் 2004இல் தேசியப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. 2019 முதல் 30 வயதுக்கு மேற்பட்டோருக்கு அங்கு வைரஸ் சோதனை பரிந்துரைக்கப்படுகிறது.

வசதிகள் வளர்ந்தாலும் கடிதம் உரியவர் கைக்குப் போய்ச் சேர வேண்டுமே! இரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கு மாறியும் துண்டாடப்பட்டும் போனபோது நம் குடும்பங்கள் பல லயத்து வீட்டை விட்டு நகர்ப்புறத்துக்குக் குடிபெயர்ந்தன. பழைய தோட்டத்து முகவரியையே கிளினிக்கில் கொடுத்து வைத்திருந்தால் கடிதம் அங்கேயே கிடக்கும். ஆகவே பரிசோதனைக்குப் போகும்போது இப்போதைய முகவரியையும் தொலைபேசி எண்ணையும் கொடுங்கள். செய்தி வரவில்லை என்றால் எல்லாம் நலம் என்று எண்ணிவிடாமல் நீங்களே போய்க் கேளுங்கள். கடிதம் மலாய் மொழியிலோ ஆங்கிலத்திலோ இருந்து விளங்காவிட்டால், நம்பிக்கையான ஒருவரிடம் படிக்கச் சொல்லுங்கள். மருத்துவரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: என் மாறுதல் எந்தப் படி? இப்போது செய்ய வேண்டியது என்ன? அடுத்து எப்போது வர வேண்டும்? விடையை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். உறவுக்குப் பின் உதிரம் படுதல், மாதவிலக்கு நின்ற பிறகு உதிரம், துர்நாற்றமுள்ள வெள்ளை ஆகியவை இருந்தால் குறித்த நாள்வரை காத்திராமல் உடனே போகவேண்டும்.

வீட்டு ஆண்களுக்கும் ஒரு சொல். ஒரு நாள் கூலி போகிறதே என்று கணக்குப் பார்க்காதீர்கள். அன்றைக்குச் சமையலையும் பிள்ளைகளையும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்தால் கூடவே போய் வெளியே காத்திருங்கள்.

ஒரு பெண்ணின் பொறுமையில் தொடங்கி, ஆக்லாந்துப் பெண்களின் துன்பத்தால் பாடம் கற்று, திண்டுக்கல் தாய்மாரின் துணிவால் உறுதிப்பட்ட அறிவு இது. மீண்டும் வரச் சொல்லும் கடிதம் அந்த அறிவு நம் வீட்டு வாசலுக்கு அனுப்பும் அழைப்பு. முளையிலேயே கிள்ளி எறியக் கிடைத்த காலத்தை நாம் கைநழுவ விடலாமா? கடிதம் வந்திருந்தால், இந்த வாரமே நாள் குறித்துப் போய் வாருங்கள்.