இணைப்புக் கொமிஷன்

சமூக ஊடகத்தில் ஒருவர் பகிரும் தனி இணைப்பின் வழியே இன்னொருவர் பொருள் வாங்கினால், விலையில் ஒரு பங்கு பகிர்ந்தவருக்குச் சேரும் முறை. அஃபிலியேட் மார்க்கெட்டிங் என்றும் வழங்கும். பார்த்தவர்களை விட்டு, வாங்கியவர்களை மட்டும் எண்ணுவதால் சில நூறு பேர் பின்தொடரும் பக்கத்துக்கும் இதில் இடமுண்டு.

அமெரிக்காவில் 1989இல் வில்லியம் டோபினின் பூ விற்பனை நிறுவனம், புரொடிஜி கணினி வலையமைப்பின் வழியே வந்த விற்பனைக்கு அந்த வலையமைப்புக்கே பங்கு கொடுத்தது. 1996 ஜூலையில் அமேசான் இம்முறையைத் தனியாட்களுக்கும் திறந்துவிட்டது. இணைப்பின் கடைசியில் ஒட்டியிருக்கும் சிறு குறியீடுதான் வாங்கியவர் யார் மூலம் வந்தார் என்று சொல்லும். அமேசானில் அதன் ஆயுள் பொதுவாக 24 மணி நேரம். அது கடந்தபின் யோசித்து வாங்கினால் பொதுவாகக் கொமிஷன் கிடைக்காது.

இலங்கையில் பெரிய தடை பணம் வந்து சேரும் வழியாக இருந்தது. பேபால் இங்கிருந்து பணம் அனுப்ப விட்டதே தவிர, நெடுங்காலம் பெற விடவில்லை. பேயோனியர் என்ற பணப் பரிமாற்றச் சேவை அந்த இடைவெளியை ஓரளவு அடைத்தது. 2016இல் காலூன்றிய இணையக் கடையான தராஸ், தன் கொமிஷன் திட்டத்தால் உள்ளூர்ச் சரக்கை உள்ளூர் ரூபாவிலேயே விற்றுக்கொடுக்க வழி செய்தது.

மலையகத்தின் வட்டவளை போன்ற தோட்டப் பகுதியில் கணக்கு இப்படி நிற்கும். 3,000 ரூபா பொருளுக்கு 5 சதவீதம் என்று வைத்தால் 150 ரூபா. 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபா நாட்சம்பளத்துக்கு, அதாவது தோட்ட வழக்கில் ‘ஒரு பேருக்கு’, அன்று ஒன்பது பொருள் விற்க வேண்டியிருந்தது. விற்றாலும் பார்சல் வீடு வரவேண்டுமே! லயத்துக் காம்பிராக்களுக்குத் தனி முகவரி இல்லாமல், கடிதம்கூட தோட்ட அலுவலகம் வழியே வந்த இடம் இது. ஆள் கிடைக்காமல் பார்சல் திரும்பினால் கொமிஷனும் ரத்து. முகவரி உரிமையை வெறும் தபால் விஷயமாகப் பார்க்க முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

சிறு பக்கத்தில் வாங்குபவர் பெரும்பாலும் தெரிந்தவரே. ஆனால் இப்படிச் சொந்தபந்தத்தின் நம்பிக்கையை வைத்துப் பணம் பார்ப்பது மலையகத்துக்குப் புதிதல்ல. கோப்பிக் காலத்திலிருந்தே கங்காணிமார் தமிழகத்துத் தம் ஊருக்குப் போய், உறவுக்காரரையும் தெரிந்தவரையும் முன்பணம் கொடுத்து அழைத்துவந்தனர். வேலைக்கு இறங்கிய ஒவ்வோர் ஆளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு. முன்பணமோ தொழிலாளியின் தலையில் கடனாக ஏறியது. அந்தக் கடன் தொகையைத் தாங்கிய ‘துண்டு’ச் சீட்டு முறையை 1921ஆம் ஆண்டுச் சட்டம் ஒழிக்கும்வரை, கடனைத் தீர்க்காமல் தோட்டம் மாற முடியவில்லை.

இணைப்புக் கொமிஷன் சரக்குக்குத் தரப்படுவது, ஆளுக்குத் தரப்படுவதல்ல. இந்த வேறுபாட்டை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் சேர்வதற்குப் பணம் கட்டு, உனக்குக் கீழே ஆள் சேர் என்று வட்ஸ்அப்பில் வரும் அழைப்புகளும் ‘ஒன்லைன் வருமானம்’ என்ற அதே பெயரில்தான் வருகின்றன. அவை பிரமிட் திட்டங்கள். 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டப்படி அவற்றை நடத்துவதும் ஊக்குவிப்பதும் குற்றம். அத்தகைய திட்டங்களை நடத்தியதாகக் கண்ட நிறுவனங்களின் பெயர்களையும் மத்திய வங்கி வெளியிட்டு வருகிறது. உண்மையான கொமிஷன் திட்டத்தில் சேரக் கட்டணம் கிடையாது.